கேட்பதற்கும் கூலி உண்டு: சிறுமின் ரேடியோக் கருவிகளிடையே செய்தி எப்படி நகர வேண்டும்?

இரண்டு பென்சில் பேட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய ஒரு சிறு கருவி, தன் ரேடியோ எட்டாத தொலைவுக்கு ஒரு செய்தியை எப்படிக் கொண்டுசேர்ப்பது? இடையில் உள்ள கருவிகள் அதை வாங்கி வாங்கி அடுத்ததிடம் கொடுக்கட்டும் என்பதுதான் எவருக்கும் முதலில் தோன்றும் விடை. மெஷ் வலைப்பின்னல் என்பது அதுவே. எந்தக் கருவி வாங்க வேண்டும், எப்போது விழித்திருக்க வேண்டும், அதற்கான மின்சாரம் யாருடையது என்று கேட்கத் தொடங்கியதும் அறிஞர்கள் பல அணிகளாகப் பிரிகிறார்கள்.

பிரிவு பழையது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் அலோஹா வலையமைப்பு 1971இல் இயங்கத் தொடங்கியபோது, தீவுகளில் இருந்த முனையங்கள் எல்லாம் ஒரே மையத்தோடு நேரடியாகப் பேசின. சில ஆண்டுகளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா அமைப்பு நிதி அளித்த பாக்கெட் ரேடியோ சோதனைகளில் நிலையங்கள் ஒன்றுக்கொன்று செய்தியைக் கைமாற்றின. நட்சத்திர அமைப்பு, மெஷ் அமைப்பு என்ற இரண்டு மரபுகளுக்கும் வேர் அங்கேதான். ஆனால் அந்தச் சோதனைகளுக்குப் பேட்டரிக் கவலை பெரிதாக இல்லை. 1990களின் இறுதியில் பெர்க்லியில் கிறிஸ் பிஸ்டர் முன்வைத்த ‘ஸ்மார்ட் டஸ்ட்’ கனவு, தூசி அளவுக் கருவிகளை எங்கும் தூவலாம் என்றது. பேட்டரிக் கவலை கேள்வியின் நடுவில் வந்து அமர்ந்தது அப்போதுதான்.

மெஷ்ஷா நட்சத்திரமா என்று பெயரிட்டு நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை, கூர்ந்து பார்த்தால், கேட்பதற்கான செலவை யார் தலையில் வைப்பது என்ற வாதங்கள். இந்தக் கட்டுரை அந்தக் கணக்கை வைத்தே ஒவ்வொரு அணியையும் பார்க்கிறது.

மின்கணக்கு

2000களின் ஆய்வுக்கூடங்களில் மிகப் பரவலாக இருந்த ரேடியோ சிப்புகளில் ஒன்று சிசி2420. டெலாஸ்பி என்ற கருவியில் இருந்தது இதுதான். ஐஇஇஇ 802.15.4 தரத்தின்படி 2.4 கிகாஹெர்ட்ஸில் நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் பேசும். முழு ஆற்றலில், அதாவது ஒரு மில்லிவாட்டில், அனுப்பும்போது அது எடுத்துக்கொள்வது 17.4 மில்லிஆம்பியர். கேட்கும்போது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்கே சற்று அதிகம்!

இதிலிருந்து வரும் கணக்கு எளியது, கொடியது. 2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரியில் ரேடியோவை விடாமல் கேட்க வைத்தால் ஆறு நாள்கூடத் தாங்காது. நூறில் ஒரு பங்கு நேரம் மட்டும் விழித்திருந்தால், மற்றச் செலவுகளை ஒதுக்கிவிட்டுப் பார்க்கையில், ஒன்றரை ஆண்டு கிடைக்கும். இத்தனைக்கும் அந்தத் தரத்தின் மிகப்பெரிய தகவல் பொதியான 127 பைட்டை அனுப்ப ஆகும் நேரம் நான்கு மில்லிவிநாடி சொச்சம்தான். யாரும் வராத இரவிலும் காவலாளிக்கு முழுக்கூலி கொடுக்கும் நிலை இது. வருகிறவர் எப்போது வருவார் என்று தெரிந்தால் மட்டுமே கூலியைக் குறைக்க முடியும்.

மெஷ்ஷுக்கு ஆதரவாகத் தொடக்கத்தில் சொல்லப்பட்ட ஒரு வாதம் இந்தக் கணக்கில்தான் அடிபட்டது. தரையை ஒட்டிச் செல்லும் ரேடியோ அலை, தொலைவின் நான்காம் அடுக்கு அளவுக்கு நலிவடையக் கூடும். ஆகவே தூரத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் ஆற்றல் பதினாறில் ஒன்று. ஒரு கருவியிலிருந்து அடுத்ததற்குச் செல்வது ஒரு தாவல் என்றால், இரண்டு தாவலுக்கும் சேர்த்து எட்டில் ஒன்று. காகிதத்தில் இது அழகாகவே இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன சிப், ஆன்டெனாவில் ஒரு மில்லிவாட்டை வெளியே விட, மூன்று வோல்ட்டில் 52 மில்லிவாட்டை உள்ளே வாங்குகிறது. வெளியேறும் ஆற்றலை எவ்வளவு குறைத்தாலும் சிப்பின் உள்மின்சுற்றுகளின் செலவு பெரிதாகக் குறையாது. இடையில் நிற்கும் கருவி கேட்பதற்கும் 56 மில்லிவாட் வேண்டும். ஆக, ஒரே தாவலில் எட்டக்கூடிய தூரத்தை இரண்டாக உடைப்பது சிக்கனமல்ல, ஊதாரித்தனம். மார்ட்டின் ஹேங்கியும் டேனியலே புச்சினெல்லியும் 2005இல் நீண்ட தாவல்களுக்காக வாதிட்டபோது இந்தப் பழைய நம்பிக்கையை வெளிப்படையாகவே கேள்விக்கு உட்படுத்தினார்கள்.

சிப்புகள் பிறகு வெகுவாக முன்னேறின. நார்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52832 அனுப்பவும் கேட்கவும் 5 மில்லிஆம்பியர் சொச்சமே எடுக்கிறது. இரண்டுக்கும் ஏறக்குறைய சமமான செலவு என்ற விகிதம் மட்டும் மாறவில்லை. மெஷ்ஷுக்கு எஞ்சி நிற்கும் நியாயம் வேறு: கான்கிரீட் சுவரைச் சுற்றிப் போக, ஒரு பாதை அடைபட்டால் இன்னொன்றைப் பிடிக்க, எட்டாத இடத்தை எட்ட. சிக்கன நியாயம் போய், எட்டும் நியாயம் நிற்கிறது. அதற்கும் ஓர் எல்லை உண்டு. வலையில் உள்ள கருவிகளின், அதாவது கணுக்களின், எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் தகவல் பங்கு, ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பச் சுருங்குகிறது என்று பியூஷ் குப்தாவும் பி.ஆர். குமாரும் 2000இல் காட்டினார்கள்.

வழி கண்டுபிடிப்போர்

முதல் அணி, இணையத்தின் மரபில் வந்தது. ஒவ்வொரு கணுவும் தன் அண்டைக்கணுக்களை அளந்து, மையத்தை நோக்கிய நல்ல வழியைத் தேர்ந்தெடுக்கும். இங்கே கேட்பின் செலவைக் குறைக்கும் பொறுப்பு வழியைத் தேடும் அடுக்குக்குக் கீழே உள்ள அடுக்கினுடையது. 2002இல் வந்த எஸ்-மேக் நெறிமுறை, அண்டைக்கணுக்களைச் சேர்ந்து உறங்கிச் சேர்ந்து விழிக்க வைத்தது. 2004இன் பி-மேக் வேறு தந்திரம் செய்தது. கேட்பவர் அவ்வப்போது ஒரு கணம் மட்டும் காதைத் திறந்து பார்ப்பார். அனுப்புகிறவர் அந்த இடைவெளியைத் தாண்டும் அளவுக்கு நீண்ட முன்னொலியை எழுப்புவார். கேட்பவரின் செலவு அனுப்புபவர் தலைக்கு மாறியது. அரிதாகப் பேசும் கருவிகளுக்கு இது நல்ல பேரம். பின்னால் வந்த எக்ஸ்-மேக், கான்டிக்கிமேக் போன்றவை இதே பேரத்தை மெருகேற்றின.

மேல் அடுக்கான வழித்தேர்வில், எத்தனை தாவல் என்று எண்ணுவதைவிட ஒரு பொதி சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று எண்ணுவது நல்லது என்ற எண்ணம் 2003 அளவில் வேரூன்றியது. 2009இன் சிடிபி நெறிமுறையும், 2012இல் ஆர்எஃப்சி 6550 ஆக வெளியான ஆர்பிஎல்லும் அந்தக் கோட்டில் வந்தவை.

இந்த அணியின் சாதனைகள் சிறியவை அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் பெர்க்லி குழுவினர் 64 கணுக்களைப் பொருத்தி, 46 தாவல் நீளச் சங்கிலியில் அதிர்வுத் தரவைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தோல்விகளும் அதே வெளிச்சத்தில் பதிவாகியுள்ளன. நெதர்லாந்தின் உருளைக்கிழங்கு வயலில் சுமார் நூறு கணுக்களோடு நடந்த சோதனை பற்றி லாங்கென்டோன் குழுவினர் 2006இல் எழுதிய அறிக்கையின்படி, கைக்கு வந்தது எதிர்பார்த்த தரவில் 2 விழுக்காடு. இத்துறையில் இவ்வளவு நேர்மையாக எழுதப்பட்ட அறிக்கைகள் குறைவு. மெய்ன் மாநிலக் கரைக்கு அப்பால் கிரேட் டக் தீவில் கடற்பறவைகளின் வளைகளைக் கண்காணிக்க 2002இல் வைத்த 32 கணுக்கள் நேரடியாக ஒரே தாவலில் பேசின. அடுத்த ஆண்டு பலதாவல் முறையைச் சேர்த்தபோது, தமக்கில்லாத பேச்சை ஒட்டுக்கேட்பதிலேயே கணுக்களின் ஆயுள் கரைவது தெரிந்தது.

இந்த அணிக்கு வேறு பலவீனங்களும் உண்டு. மையத்துக்கு அருகில் உள்ள கணுக்கள் எல்லாருடைய சுமையையும் சுமந்து முதலில் சாகின்றன. ரேடியோ இணைப்பு ஆள் நடந்தால் மாறும், கதவு மூடினால் மாறும், மழைக்குப் பின் இலை தழைத்தால் மாறும். ஆர்பிஎல் ஆவணம் 150 பக்கங்களைத் தாண்டுகிறது. டெலாஸ்பியின் நினைவகமோ 10 கிலோபைட். மையத்திலிருந்து கணுக்களை நோக்கிக் கீழே செல்லும் வழிகளை அந்தச் சிறு நினைவகத்தில் வைத்திருப்பது இன்றுவரை தலைவலிதான்.

சந்தை இதைக் கையாண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2004இல் வந்த ஜிக்பீயிலும், வீட்டுக் கருவிகளுக்கான த்ரெட்டிலும், கைமாற்றும் வேலை பொதுவாகச் சுவர் மின்சாரத்தில் இயங்கும் பல்புக்கும் ப்ளக்குக்கும்தான். பேட்டரிக் கருவிகள் ஓரத்தில் உறங்கி, எழும்போது தம் பெற்றோர்க் கணுவிடம் ‘எனக்கு ஏதும் உண்டா’ என்று கேட்கும். த்ரெட் வலையில் ஒரே நேரத்தில் இயங்கும் வழிகாட்டிக் கணுக்கள் 32க்கு மேல் போகாது. பேட்டரியில் ஓடும் இடைக்கணு என்ற மூலக்கேள்வியை இந்தத் தரங்கள் தீர்க்கவில்லை. அதை விலக்கிவைத்தே வெற்றி பெற்றன.

கடிகாரத்தை நம்புவோர்

மூலக்கேள்வியை நேருக்குநேர் எதிர்கொண்டது இரண்டாம் அணி. பிஸ்டர் பங்கேற்று உருவாக்கிய டஸ்ட் நெட்வொர்க்ஸ் நிறுவனத்தின் அணுகுமுறை இது: வலையில் உள்ள எல்லாக் கடிகாரங்களையும் ஒத்திசைத்துவிட்டால், யார் எந்த நொடித்துணுக்கில் எந்த அலைவரிசையில் யாரோடு பேசுவார் என்று முன்கூட்டியே அட்டவணை போட்டுவிடலாம். தன் முறை வரும்போது மட்டும் கணு கண்விழிக்கும். ஒவ்வொரு முறையும் அலைவரிசை மாறுவதால், ஒரு வரிசையில் சுவர்மோதல் எதிரொலியோ வைஃபை நெரிசலோ இருந்தாலும் அடுத்ததில் பிழைத்துக்கொள்ளலாம். தொழிற்சாலைகளுக்கான வயர்லெஸ்ஹார்ட் 2007இல் இந்தத் தடத்தில் வந்தது; 2012இன் 802.15.4இ திருத்தம் இதையே டிஎஸ்சிஹெச் என்ற பெயரில் பொதுத்தரமாக்கியது.

கைமாற்றும் கணுவும் சராசரியாக 50 மைக்ரோஆம்பியருக்குக் கீழே ஓடும், பொதிகளில் 99.999 விழுக்காட்டுக்கு மேல் சேரும் என்பது அந்நிறுவனத் தயாரிப்புகளுக்குச் சொல்லப்பட்ட எண்கள். விற்பவர் சொல்லும் எண்கள் என்பதை மனத்தில் வைக்க வேண்டும். ஆனாலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் போன்ற, தவறைப் பொறுக்காத இடங்களில் இந்த வகை வலைகள் நிலைத்திருப்பதைப் பார்த்தால், அடிப்படைக் கூற்றை ஐயுறுவதற்கு அதிகக் காரணம் இல்லை.

விலை எங்கே? படிகக் கடிகாரங்கள் பத்துலட்சத்தில் 20 பங்கு வரை பிசகலாம். ஒன்று முந்தி மற்றொன்று பிந்தினால் வித்தியாசம் 40. ஒரு மில்லிவிநாடிப் பிசகு சேர 25 விநாடி போதும். சொல்ல ஒன்றுமே இல்லாதபோதும் கணுக்கள் இடைவிடாமல் நேரம் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நாளுக்கு ஒரு முறை பேசும் கருவிக்கு இது வெட்டிச் செலவு. புதிதாகச் சேரும் கணுவின் பாடு இன்னும் திண்டாட்டம்: அட்டவணை தெரியாததால், அறிவிப்பு காதில் விழும்வரை அது தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அட்டவணையை மையத்தில் ஒருவர் போடுவதா, 2015இன் ஆர்கெஸ்ட்ரா காட்டியதுபோலக் கணுக்கள் தாமே போட்டுக்கொள்வதா என்பதும் முடியாத வாதம்.

வழியே வேண்டாம் என்போர்

மூன்றாம் அணி வழித்தேர்வையே தூக்கி எறிகிறது. கேட்ட ஒவ்வொருவரும் திரும்பச் சொல்லட்டும். செய்தி வெள்ளம்போல எங்கும் பரவும். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் கேட்காது என்பது ரேடியோவின் பழைய பாடம். அந்தப் பாடம் எப்போதும் செல்லுபடியாவதில்லை என்று சூரிச்சின் ஈடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஃபெராரி, ஸிம்மர்லிங், தீலே, சௌக் ஆகியோர் 2011இல் க்ளாஸி என்ற முறையின் மூலம் காட்டினார்கள். ஒரே பொதியை அரை மைக்ரோவிநாடிக்குள் ஒத்திசைத்துப் பலர் அனுப்பினால் பெறுபவரால் பெரும்பாலும் படிக்க முடிகிறது. முழு வலையிலும் செய்தி சில மில்லிவிநாடிகளில் பரவியது. சேர்ந்த அளவு 99.99 விழுக்காட்டைத் தாண்டியது. கடிகார ஒத்திசைவு அதன் உபரி விளைவாகவே கிடைத்தது. 2016 முதல் ஈடபிள்யூஎஸ்என் என்ற ஆய்வு மாநாட்டை ஒட்டி நடந்த நம்பகத்தன்மைப் போட்டிகளில் இந்த வகை அணுகுமுறைகள் திரும்பத் திரும்ப முன்னணியில் நின்றன.

இது ஏன் வேலை செய்கிறது என்பதில் கருத்து ஒற்றுமை மெதுவாகத்தான் வந்தது. அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்துகின்றன என்ற தொடக்க விளக்கம் முழுமையாக நிற்கவில்லை. ஒவ்வொரு சிப்பின் அலைவெண்ணும் சற்றே வேறுபடுவதால் கூட்டொலி ஏறி இறங்குகிறது. வலுத்த அலை மற்றதை அமுக்குவதும், தரத்திலேயே உள்ள குறியீட்டு மிகையும் சேர்ந்துதான் பொதியைக் காப்பாற்றுகின்றன என்பது பிந்தைய ஆய்வுகளின் சாய்வு. விளக்கம் முக்கியம். வேறு வகை ரேடியோவுக்கு இந்த முறையை எடுத்துச் செல்லும்போது எது நிற்கும், எது விழும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

சந்தையில் கிடைக்கும் வெள்ள முறை இதுவல்ல. 2017இல் வெளியான புளூடூத் மெஷ், நேர ஒத்திசைவு இல்லாமல் பரப்புகிறது. கைமாற்றும் கணு விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆகவே மீண்டும் சுவர் மின்சாரம். உறங்கும் கருவிகளுக்கு ‘நண்பர்’ கணு ஒன்று செய்தியைப் பிடித்து வைத்திருக்கும். அலுவலக விளக்குகளுக்கு இது பொருந்துகிறது. 2020இல் தொடங்கிய திறந்த மூலத் திட்டமான மெஷ்டாஸ்டிக், மெதுவாகப் பேசித் தூரம் எட்டும் லோரா ரேடியோவில் வெள்ளத்தைப் பாய்ச்சுகிறது. தாவல் வரம்பு இயல்பாக 3, அதிகபட்சம் 7. பலவீனமாகக் கேட்டவர், அதாவது தூரத்தில் இருப்பவராகக் கருதப்படுபவர், முதலில் திருப்பிச் சொல்லும்படி காத்திருப்பு நேரம் அமைகிறது. நேர்த்தியான யோசனை. மலையேறும் பத்துப் பேருக்கு இது அருமையாக இருக்கும். நூற்றுக்கணக்கானோர் கூடும் இடத்தில் மெதுவான லோரா அலைவரிசை அடைத்துக்கொள்ளும். எல்லாச் செய்திக்கும் எல்லாரும் உழைப்பது வெள்ள முறையின் பிறவிக்குணம்.

மெஷ்ஷே வேண்டாம் என்போர்

கிரெனோபிளில் பிறந்த சைக்லியோ நிறுவனத்தை 2012இல் செம்டெக் வாங்கியபின் பரவிய லோரா, பழைய ஹவாய் வழிக்கே திரும்பியது. மெதுவாகப் பேசினால் தூரம் கேட்கும். கிலோமீட்டர்கள் தள்ளி, மின்சாரம் குறையாத மையக் கேட்வே ஒன்று எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். கருவி தோன்றியபோது பேசும், பேசி முடித்ததும் சற்று நேரம் பதிலுக்குக் காத்திருக்கும், உறங்கிவிடும். கேட்பின் கூலி முழுவதும் மையத்தின் கணக்கில். பேட்டரிக் கணக்கில் இதை வெல்வது கடினம்.

ஆனால் மெதுவான பேச்சுக்கு நேரம் பிடிக்கிறது. மிக நீண்ட தூர அமைப்பில் 20 பைட் செய்திக்கு ஒரு விநாடிக்கு மேல் காற்றலை அடைபட்டிருக்கும். கேட்காமல் பேசும் அலோஹா முறையில் அலைவரிசையின் பயன்பாடு 18 விழுக்காட்டைத் தாண்டாது என்பது பழைய கணிதம். வழக்கமான அமைப்பில் 3.8 ஹெக்டேருக்குச் சுமார் 120 கணுக்கள்தான் தாங்கும் என்று போர் குழுவினர் 2016இல் கணித்தார்கள். அவர்களே கேட்வேக்களைப் பெருக்கினாலும் அமைப்பைத் தக்கபடி மாற்றினாலும் நிலைமை மேம்படும் என்றார்கள். மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் அந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள்.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. நிலவறையில் பொருத்திய தண்ணீர் மீட்டரை எட்ட முடியாததால், லோரா வலைகளுக்கான லோராவான் தரம் 2022இல் இடைக்கணுவை அனுமதித்தது. அந்த இடைக்கணு அவ்வப்போது கண நேரம் காது கொடுக்கும். கருவி நீண்ட முன்னொலியோடு அதை எழுப்பும். 2004இன் பி-மேக் தந்திரமேதான். மறுபக்கம், வெள்ள அணியின் புளூடூத் மெஷ் 2023இன் 1.1 பதிப்பில் திசையறிந்து அனுப்பும் வழித்தேர்வைச் சேர்த்துக்கொண்டது. அணிகள் எதிரணியிடமிருந்து கடன் வாங்குவதை வைத்தே ஒவ்வொன்றும் எங்கே குறைபட்டது என்று கண்டுகொள்ளலாம்.

எப்போதும் விழித்திருக்கும் ஒரு மிகச்சிறு துணை ரேடியோவை வைத்துப் பெரிய ரேடியோவை எழுப்பலாம் என்பது நான்கு அணிக்கும் வெளியே நிற்கும் யோசனை. மைக்ரோவாட் அளவில் ஓடும் அத்தகைய காதுகள் ஆய்வுக்கூடத்தில் உள்ளன. செலவைக் குறைத்த அளவுக்கு அவற்றின் செவிக்கூர்மையும் குறைகிறது. எழுப்பும் தூரம் பேசும் தூரத்தைவிடச் சிறிதாக இருக்கும்வரை மெஷ்ஷுக்கு இதனால் ஆகும் பயன் குறைவே.

ஒப்பிடுவதில் உள்ள சிக்கல்

இந்த அணிகளை ஒரே தராசில் நிறுத்துவது எளிதல்ல. கணினிப் பாவனைகள் ரேடியோ எல்லையை வட்டமாக எடுத்துக்கொள்ளும். உண்மையான எல்லை அப்படி இருப்பதில்லை. சூரிச்சின் ஃபிளாக்லேப், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திரியா, பிரான்சின் ஐஓடி-லேப் போன்ற பொதுச் சோதனைக்களங்கள் நிலைமையை மேம்படுத்தின. ஆனாலும் அவை பெரும்பாலும் கட்டடங்களுக்குள், நிலையாக நிற்கும் கணுக்களோடு, மணிக்கணக்கில் நடக்கும் சோதனைகளுக்கு ஏற்றவை. பருவங்கள் மாறி, வெயிலில் கடிகாரம் விலகி, பேட்டரி கிழப்பருவம் எய்தும் காலத்தைப் பற்றி அவை பேசுவதில்லை.

இருக்கும் சான்றுகளை வைத்து, எச்சரிக்கையோடு இவ்வளவு சொல்லலாம். ஒழுங்காக வரும் தரவும் நிலையான கணுக்களும் இருக்கும் இடத்தில் கடிகார அணிக்கு வலுவான சான்றுகள் உள்ளன. பலரிடமிருந்து பலருக்கு விரைவாகச் செல்ல வேண்டிய சிறு வலைகளில் ஒத்திசைந்த வெள்ளம் முந்துகிறது. வெகு அரிதாக, ஒரே திசையில் பேசும் கருவிக்கு நட்சத்திரம் போதும். அரிதாகப் பேசி, இடம் மாறி, இருதிசையிலும் உடனே பதில் எதிர்பார்க்கும் பேட்டரி மெஷ்ஷுக்கு எந்த அணியின் விடையும் நிறைவளிப்பதாக இல்லை.

இந்தியாவுக்கு இது வெறும் ஆய்வுக்கூடக் கேள்வியல்ல. 2021இல் அறிவிக்கப்பட்ட மின்விநியோகச் சீரமைப்புத் திட்டம் 25 கோடி ஸ்மார்ட் மீட்டர்களைக் குறிவைத்தது. அவற்றின் செய்தியைக் கைபேசிக் கோபுரம் வழியாக அனுப்புவதா, மீட்டருக்கு மீட்டர் தாவும் ரேடியோ மெஷ் வழியாக அனுப்புவதா என்பதில் இரண்டு முறைகளும் களத்தில் உள்ளன. மீட்டருக்கு மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் கேட்பின் கூலி இங்கே பொருட்டல்ல என்று தோன்றும். ஆனால் மின்தடையை மையத்துக்கு அறிவிக்க வேண்டிய கடைசிச் செய்தி, மின்சாரம் போன பிறகுதான் புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் தெருவின் எல்லா இடைக்கணுக்களும் ஒன்றாகவே அணைகின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள சிறு மின்தேக்கி தாங்கும் சொற்ப நேரத்துக்குள் யார் கேட்பது, யார் கைமாற்றுவது, நூறு மீட்டர் ஒரே நேரத்தில் கத்தினால் எதை விடுவது என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தத்தம் வழியில் தீர்த்துவருகிறார்கள்.